ரெக்கார்டு நோட்டின் இடது பக்கங்கள்

காலை ஆறே முக்காலுக்கு பெங்களூர் ஈஜிபுரா பஸ் ஸ்டாப்பின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, மடியில் ரெக்கார்டு நோட்டை விரித்து, டூ எச் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பாள் ரக்ஷிதா. பக்கத்தில் அவள் அம்மா யசோதா நின்றபடி குடை பிடித்திருப்பாள். அந்தக் குடை யார் தலைக்கும் அல்ல, நோட்டுக்கு. வெயில் சாய்ந்தால் குடையும் சாயும். தூறல் திசை மாறினால் குடையும் மாறும். யசோதாவின் ஒரு தோள் எப்போதும் நனைந்துகொண்டோ காய்ந்துகொண்டோ இருக்கும், அதை அவள் பொருட்படுத்தியதில்லை.

"பாருங்கக்கா, பஸ் ஸ்டாப்லகூட இன்ஜினியரிங் எழுதுது. ஒரு நிமிசம் சும்மா குந்தாது எங்க பொண்ணு" என்பாள் என்னிடம். வாரத்தில் மூன்று நாளாவது சொல்வாள்.

அவள் எழுதியது இன்ஜினியரிங் அல்ல, கதை. ரக்ஷிதாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வருடமாக யசோதாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

இன்ஜினியரிங் படிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் கோடு போட்டிருக்கும். அதில் சோதனையின் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று வரிசையாகப் பேனாவில் எழுத வேண்டும். இடது பக்கம் வெறும் வெள்ளைத் தாள், படமும் கிராஃபும் பென்சிலில் வரைவதற்கு. வாரத்துக்கு ஒருமுறை லேபில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவரை இடது பக்கம் காலியாகக் கிடக்கும். காலியிடத்தைப் பார்த்துவிட்டு பெங்களூரில் யார் சும்மா விட்டிருக்கிறார்கள்? ரக்ஷிதாவும் குடியேறிவிட்டாள்.

லேபுக்கு முந்தின நாள் அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு ரப்பரால் அழிப்பாள். அழித்த இடத்தில் பீமும் தூணும் வரைவாள். நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பீமுக்கு அடியில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது மங்கலாகத் தெரியும்.

"ஃபோன்லயே எழுதலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஃபோன் எடுத்தா அம்மா என்னா பாக்கறேன்னு கேக்கும் ஆன்ட்டி. ரெக்கார்டு எடுத்தா கொட பிடிக்கும்."

நோட்டைப் பார்த்தும் யசோதா எப்படி ஏமாந்தாள் என்று கேட்பீர்கள். ரக்ஷிதா படித்தது அரசாங்கக் கன்னடப் பள்ளி. வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும், எழுத்து மட்டும் கன்னடம். "தமிழ் எனக்கு வாயில இருக்குது ஆன்ட்டி, கைல கன்னடம்தான் இருக்குது" என்று சொல்வாள். ஆகவே தமிழ்க் கதையைக் கன்னட எழுத்தில் எழுதுகிறாள். இந்த ஊரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சாமான் பட்டியல் எழுதுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். கதை எழுதும் ஆளை நான் பார்த்தது இவள் ஒருத்தியைத்தான். யசோதா போளூர்ப் பக்கம். எட்டாவது வரை படித்தவள், தமிழை நன்றாகவே வாசிப்பாள். கன்னட எழுத்து மட்டும் இருபத்திரண்டு வருடமாகியும் அவளுக்கு வசப்படவில்லை, பஸ்ஸை நம்பரை வைத்துத்தான் பிடிப்பாள். மகளின் நோட்டில் வலது பக்கம் ஆங்கிலம், இடது பக்கம் கன்னடம். இரண்டுமே அவளுக்குப் பெரிய படிப்பு. வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்த இன்னொருவர் அப்பா சின்னப்பா. பெயிண்டர். கை கழுவாமல் அந்த நோட்டைத் தொடக்கூடாது என்று ஒதுங்கி, கை கழுவியும் தொடாமலே இருந்துவிட்டவர்.

ஒரே ஒரு முறை ரக்ஷிதா மாட்டிக்கொண்டாள். அழிக்க மறந்த பக்கத்தை லேப் ஆசிரியர் மஞ்சுநாத் சார் பார்த்துவிட்டார். கன்னட எழுத்தாயிற்றே, வாய்விட்டே படிக்கத் தொடங்கினார். நாலு வரி போனதும் நெற்றியைச் சுருக்கி, "ஏனம்மா இது? ஓதக்கே பருத்தே, அர்த்த ஆகல்ல" என்றிருக்கிறார். படிக்க வருகிறது, புரியவில்லையாம்.

"ஹளெகன்னட சார்" என்றிருக்கிறாள் ரக்ஷிதா. பழைய கன்னடம். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை.

ரக்ஷிதா வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் "பேஜாரு". மழை பேஜாரு, மேத்ஸ் பேஜாரு, சாம்பாரில் முருங்கைக்காய் இல்லாவிட்டால் அதுவும் பேஜாரு. இந்த ஊரில் சோர்வு, சலிப்பு, வருத்தம் மூன்றையும் அந்த ஒரு சொல்லில் முடித்துக்கொள்ளலாம். அவள் மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறாள். சிவாஜிநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து எலஹங்கா தாண்டி இன்னொன்று. போக இரண்டு மணி நேரம், வர இரண்டே கால். உட்கார இடம் கிடைத்தால் எழுதுவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள், படம் வரையும் டிராஃப்டர் பை தோளிலிருந்து நழுவி முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். சிவாஜிநகர் வந்ததும் யாரும் தட்டாமலே விழித்துவிடுவாள். எங்கள் சாலை நடுவே மேலே எதுவும் இல்லாமல் நிற்கும் மேம்பாலத் தூண்களைக் காட்டி, "அதுங்களும் நின்னுக்கினேதான் தூங்குது ஆன்ட்டி" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

எனக்கு எழுத்தார்வம் உள்ள இளைஞர்கள் என்றாலே கொஞ்சம் பயம். நான் அவள் ஏறும் முதல் பஸ்ஸிலேயே போய், காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இந்த இதழில் அவ்வப்போது இப்படி யாரைப் பற்றியாவது எழுதுகிறவள். விஷயம் தெரிந்தால் ஆளாளுக்குக் கவிதையை நீட்டுவார்கள். ரக்ஷிதா எதையும் நீட்டவில்லை. மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது ஜன்னல் சீட்டு மட்டும்தான். கதையை அவள் முணுமுணுத்துக்கொண்டு எழுதுவதால் பக்கத்தில் இருந்த எனக்குத் தானாகக் காதில் விழுந்தது.

அவள் கதை ஒவ்வொன்றும் ரெக்கார்டு மாதிரியே தொடங்கும். கருவிகள்: ஸ்டூல் ஒன்று, டம்ளர் இரண்டு, பூட்டாத கதவு ஒன்று. அப்புறம்தான் ஆட்கள் வருவார்கள். "மொதல்ல சாமான் என்னென்னான்னு தெரியணும். அப்பதான் எனக்கு கை ஓடும்" என்பாள். தேறாத கதைகளும் உண்டு. காதல் வந்தால் சொதப்பிவிடுவாள். ஆனால் ஒரு வீட்டில் தண்ணீர் வராத நாளை அவள் எழுதிக் கேட்க வேண்டும், நமக்கே தாகம் எடுக்கும்.

போன வருடம் ஒரு காலையில், யசோதா கம்பெனி வேனில் ஏறிப் போன பிறகு, பஸ்ஸில் என் காதருகே சொன்னாள். "நாலு போச்சு ஆன்ட்டி."

நாலு பாடத்தில் தோல்வி: மேத்ஸ் இரண்டு, ஸ்ட்ரெந்த், ஃப்ளூயிட்ஸ். நாலு வரை காலேஜில் பொறுத்துக்கொள்வார்களாம். ஐந்தாவது ஒன்று சேர்ந்தால் கடைசி வருடத்துக்கு விடமாட்டார்கள், ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆல் கிளியர்னு சொல்லிட்டேன்."

சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. யசோதா அவுட்டர் ரிங் ரோடில் ஒரு பெரிய கம்பெனியின் ஒன்பதாவது மாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். மகள் பாஸ் என்றதும் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிப்போய் அந்த மாடி முழுக்கக் கொடுத்துவிட்டாள். செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை. கம்ப்யூட்டரிலிருந்து கண் எடுக்காத ஆட்கள்கூட எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்களாம். அதை யசோதா என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "கொஞ்ச நாள் எழுதறதை நிறுத்தி வையேன்."

"நிறுத்திப் பாத்தேன். மூணாவது செமஸ்டர்ல ஒரு வரிகூட எழுதல. அந்த செம்ல ரெண்டு போச்சு."

"நாலாவது செம்ல எழுதினியா?"

"எழுதினேன். அதுலயும் ரெண்டு போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "பேஜாரா இருக்குது ஆன்ட்டி" என்றாள். அன்று அந்தச் சொல்லை முதல்முறையாக நான் முழுசாகக் கேட்டேன். சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

இந்த வருடம் அவள் எழுதிய ஒரு கதை என்னை விடவில்லை. ஆபீஸில் ஒரு கண்ணாடி அறை. இன்ஜினியர்கள் அந்தக் கண்ணாடிச் சுவரிலேயே மார்க்கரால் கணக்கு எழுதுவார்கள். சாயங்காலம் அதைத் துடைப்பது ஒரு ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் வேலை. ஒருநாள் அவள் ஒரு படத்தை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுகிறாள், தன் மகள் நோட்டில் பார்த்த படம் போல இருக்கிறதே என்று. சூப்பர்வைசர் திட்டுகிறார். வீட்டில் அந்த மகள் நாலு பாடத்தில் தோற்றுவிட்டு, பாஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதில் எது நடந்தது, எது கற்பனை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

அதைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவர அவள் கண்ட வழி ஃபோன். நாலு காலை, பஸ்ஸில், ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு இடது பக்கத்தைப் பார்த்துப் படித்தாள். ஃபோன் தமிழில் தட்டிக்கொண்டது. கண்டக்டர் கத்தியதும், பின் சீட்டு ஆள் பெண் பார்க்கப் போனதைப் பேசியதும்கூட அதில் வந்துவிட்டன. அவளுக்கு அது தெரியவில்லை, தமிழ் எழுத்துதான் படிக்க வராதே. களை எடுத்தது நான். பிறகு அவள் சம்மதத்தோடு இந்த இதழுக்கு அனுப்பிவைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரசுரமாகும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எனக்கு இன்னொன்றும் உறைத்திருக்கும். படித்து முடித்த இதழை மாதாமாதம் யசோதாவுக்குக் கொடுத்து வருகிறவளே நான்தான்.

அடுத்த இதழில் வருகிறது என்று பதில் வந்தது. பஸ்ஸில் சொன்னேன். ரக்ஷிதாவின் முகம் மலர்ந்தது, அடுத்த ஸ்டாப் வருவதற்குள் வாடிவிட்டது.

"அம்மா படிக்கும் இல்ல?"

"வேற பேர்ல போடச் சொல்லட்டுமா?"

"பேர மாத்தினா? அந்தக் கண்ணாடி அம்மா தொடைக்கற கண்ணாடி ஆன்ட்டி. அது வந்து சொன்ன கததான். மைசூர்பாகு அது குடுத்தது."

"அப்ப நிறுத்திடவா? இன்னும் நேரம் இருக்கு."

"வேணாம். அந்தப் பொய்யையும் தூக்கிக்கினு டெய்லி ரெண்டு பஸ் மாற முடியல."

"வாயால சொல்லிடேன் முன்னாடியே."

"பத்து வாட்டி போனேன். அது நாஷ்டா கட்டிக்கினு இருக்கும். மொகத்தப் பாத்தா வேற ஏதாச்சும் சொல்லிட்டு வந்துடறேன். எழுதறப்ப மட்டும்தான் நெசம் வந்துச்சு."

இதழ் வந்தது. அன்று காலை ஸ்டாப்பில் அதை ரக்ஷிதா கையில் கொடுத்தேன். புரட்டினாள். எந்தப் பக்கம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இதுல நான் எங்க?" என்றாள். எடுத்துக் காட்டினேன். தன் பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, இத கொஞ்சம் படிச்சுக் காட்டு. எனக்கு வராதில்ல."

யசோதா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு இதழை வாங்கினாள். "ரக்ஷிதா சின்னப்பா" என்று படித்ததும், "ஐயோ, உன் பேராடி?" என்று கூவினாள். காலேஜில் ஏதோ போட்டி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. விரலை வரிக்கடியில் வைத்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பது மாதிரி உரக்கப் படித்தாள்.

"கருவிகள். கண்ணாடி அறை ஒன்று. பச்சைத் துணி ஒன்று. அம்மா ஒருத்தி." சிரித்தாள். "எங்க ஆபீஸ் மாதிரியே இருக்குதேக்கா!"

துடைக்காமல் விட்ட படம் வந்தபோது மகளைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். சூப்பர்வைசர் திட்டியபோது, "இன்னும் ஜாஸ்தி திட்டினான்" என்று திருத்தினாள். ரக்ஷிதா திட்டின் ஓரத்தில் கிடந்த பென்சில் சீவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் குடையை யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு பாடம் போயிருந்தது. எல்லாம் பாஸ் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா ஒன்பதாவது மாடி முழுக்க மைசூர்பாகு..."

விரல் நின்றது.

"நாலா?" என்றாள் யசோதா.

"நாலு."

"கதைக்கோசரம் போட்டதா?"

"இல்லம்மா."

யசோதா இதழைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "மேனேஜர் மேடத்துக்குக்கூட குடுத்தேனேடி" என்றாள், சத்தமே இல்லாமல். வேன் வந்து ஹாரன் அடித்தது. என் கையிலிருந்து குடையை வாங்கி மடக்கிக்கொண்டு ஏறிப் போனாள். இதழும் அவளோடு போய்விட்டது.

அடுத்த நாலு நாளும் யசோதா ஸ்டாப்பின் அந்தப் பக்கம், இளநீர்க்காரர் அருகில் நின்றாள். மூன்றாம் நாள் நான் அவளிடம் போனேன்.

"அந்த நோட்டுல எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள். "எனக்கு எப்பிடித் தெரியும்? மூணு வருசமா எதுக்குக் கொட பிடிக்கறேன்னே தெரியாம பிடிச்சிருக்கேன்."

"முழுசாப் படிச்சியா?"

"ரெண்டு வாட்டி." நன்றாக இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நாட்களில் ரக்ஷிதா வலது பக்கம் மட்டும் எழுதினாள், பேனாவில். முகத்தில் நேராக வெயில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நோக்கம், கருவிகள், செய்முறை. தோற்ற பாடங்களுக்கான மறுபரீட்சை திங்களன்று தொடங்குகிறது. மேத்ஸ் புத்தகம் பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. நாலுன்னே போடுங்க, கம்மி பண்ணாதீங்க" என்றாள். இதையும் யசோதா படிப்பாள் என்பதால் நான் எதையும் கூட்டவும் இல்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே தூறல். யசோதா வழக்கத்தைவிடக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, மகளுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். குடை அவள் தலைக்கு மேல் இருந்தது. அதை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ரக்ஷிதா கொஞ்ச நேரம் மேத்ஸ் புத்தகத்தைப் பார்த்தாள். மூடி உள்ளே வைத்தாள். ரெக்கார்டு நோட்டை எடுத்து, அம்மா பார்க்கட்டும் என்பது போல அகலமாக விரித்து, இடது பக்கத்தில் பென்சிலை வைத்தாள். தாளில் ஒரு துளி விழுந்தது, பிறகு இரண்டு. ஈரத் தாளில் டூ எச் பென்சில் எழுதாது, கீறும். அவள் கீறிக்கொண்டே இருந்தாள். மறைக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

யசோதா வேன் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை. கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, குடையை மகள் மடிக்கு மேல் கொண்டுபோய், சற்றே இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தது.